குடும்ப வீடு வாங்கும்போது பகுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பமாக வாழ வீடு தேடுகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். அறைகளின் அளவு, கட்டுமானத் தரம், வீட்டுக்கடன் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். வீட்டைச் சுற்றியுள்ள பகுதியைப் பற்றி மட்டுமே நான் பேசுகிறேன்.

வீட்டைவிடப் பகுதிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் தருகிறீர்கள்?

சமையலறை இருட்டாக இருந்தால் சன்னல் வைத்துக்கொள்ளலாம். இடம் போதாவிட்டால் ஒரு சுவரை எடுத்துவிட்டுக் கூடத்தைப் பெரிதாக்கலாம். எதிரே ஓடும் சாலையின் இரைச்சலையும், மழைக்காலத்தில் தெருவுக்குள் வரும் நீரையும், பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் எந்தக் கொத்தனாராலும் மாற்ற முடியாது. அப்படியிருந்தும் வீடு பார்க்கப் போகிறவர்களில் பலர் குழாயைத் திறந்து பார்க்கிறார்கள், கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள், ஆனால் தெருமுனை வரை நடந்து பார்ப்பதில்லை. மாற்றக்கூடியதை ஆராய்வதில் பொழுதெல்லாம் போய்விட, மாற்ற முடியாததைப் பற்றிய முடிவு தரகரின் ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

வரைபடத்திலிருந்து அல்ல, உங்கள் குடும்பத்தின் ஒரு வாரத்திலிருந்து தொடங்குங்கள். யார் எத்தனை மணிக்கு எழுகிறார், எதில் ஏறி எங்கே போகிறார், எப்போது திரும்புகிறார், பகலில் வீட்டில் தனியாக இருப்பவர் யார், மருந்து வாங்கப் போகிறவர் யார், மாலையில் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதினாலே, பட்டியலில் இருக்கும் பகுதிகளில் பாதி தாமாகவே விலகிவிடும்.

அந்தத் தாளில் இன்னொன்றையும் குறியுங்கள்: ஒவ்வொருவரும் அந்தப் பகுதியில் விழித்திருக்கும் மணிநேரம் எத்தனை? பெரும்பாலான குடும்பங்களில் வீட்டுக்குப் பணம் கட்டுகிறவரே பகுதியையும் முடிவு செய்கிறார். அவரோ காலையில் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர். அந்தத் தெருவை உண்மையில் வாழ்ந்து தீர்க்கப்போகிறவர்கள் குழந்தைகளும், வீட்டில் இருப்பவர்களும், வயதான பெற்றோரும்தான். வீட்டைவிட்டு மிகக் குறைவாக வெளியே போகிறவரின் சொல்லுக்கு மிக அதிக எடை கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் ஏனைய எல்லாமே இதிலிருந்து கிளைப்பவைதான்.

வேலைக்குப் போய்வரும் நேரம் எவ்வளவு வரை ஏற்கத்தக்கது?

மனிதர்கள் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரத்தையே பயணத்துக்குச் செலவிடுகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சீசரே மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். நடந்து போன காலத்தில் ஊர்கள் சிறியனவாக இருந்தன. வாகனம் வேகமெடுத்தபோது ஊர் விரிந்ததே தவிர, பயண நேரம் பெரிதாகக் குறையவில்லை. போக அரை மணி, வர அரை மணி என்பதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டும் ஒவ்வொரு நிமிடமும் தூக்கத்திலிருந்தோ பிள்ளைகளோடு இருக்கும் நேரத்திலிருந்தோதான் எடுக்கப்படுகிறது.

தொலைவில் வாங்கினால் வீடு பெரிதாகக் கிடைக்கும், அந்தப் பெரிய வீடு பயணக் களைப்பை ஈடுகட்டிவிடும் என்று நினைப்பது இயல்பு. பொருளியலாளர்கள் அலோய்ஸ் ஸ்டுட்சரும் புருனோ ஃபிரையும் ஜெர்மனியில் பல ஆண்டுகள் திரட்டப்பட்ட குடும்பத் தரவுகளை வைத்து இதைச் சோதித்தபோது, நீண்ட பயணம் செய்கிறவர்கள் தங்கள் வாழ்க்கையில் குறைவான மனநிறைவையே தெரிவித்தார்கள். கூடுதல் சம்பளமும் வசதியான வீடும் அந்தக் குறையை முழுதாக நிரப்பவில்லை. கூடுதலாகக் கிடைக்கும் அறைக்குச் சில மாதங்களில் பழகிவிடுகிறோம். நெரிசலில் நிற்பதற்கு யாரும் பழகுவதில்லை.

பயண நேரத்தை வரைபடச் செயலியில் இரவில் பார்த்துவிட்டு நம்பாதீர்கள். ஒரு வேலை நாளில், நீங்கள் புறப்படும் அதே மணிக்கு, அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். வண்டி நிறுத்தத் தேடும் நேரத்தையும், பேருந்துக்கோ ரயிலுக்கோ காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

வளரும் பிள்ளைகளுக்குப் பகுதி உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். இதற்கு நன்கு சோதிக்கப்பட்ட சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஓர் அரசுத் திட்டத்தின்கீழ், ஐந்து பெருநகரங்களில் மிக வறிய பகுதிகளின் பொதுக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களில் சிலருக்கு, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர உதவித்தொகை குலுக்கல் முறையில் வழங்கப்பட்டது. குலுக்கல் என்பதால், உதவி கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பொருளியலாளர்கள் ராஜ் செட்டி, நத்தானியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் ஆகியோர் அந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு அவர்களுடைய வருமானத்தை ஆராய்ந்தார்கள். 13 வயதுக்கு முன்பே இடம் மாறியவர்களின் ஆண்டு வருமானம் இருபதுகளின் நடுவில், மாறாதவர்களைவிடச் சுமார் 31 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பதின்ம வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. இடம் மாறியதன் இடர்ப்பாடு அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இது கடும் வறுமையிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் கதை; நடுத்தரப் பகுதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறவர்கள் இதே அளவு பலனை எதிர்பார்ப்பது சரியாகாது. ஆயினும் இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை சிறியதாக இருக்கும்போதே குடிபெயர்வது நல்லது. பதினைந்து வயதுப் பிள்ளை 'வேண்டாம்' என்று சொன்னால் அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது.

பெயர்பெற்ற பள்ளி அருகில் இருந்தால் போதாதா?

போதாது. அருகில் இருப்பதும் அங்கே இடம் கிடைப்பதும் ஒன்றல்ல. எந்தத் தெரு வரை உள்ள பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், அந்த எல்லை மாறக்கூடியதா என்பதைப் பள்ளி அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை பள்ளியில் படிப்பது சில ஆண்டுகள், அந்த வீட்டில் நீங்கள் இருக்கப்போவதோ பல ஆண்டுகள் என்பதையும் மறக்க வேண்டாம்.

தெருவின் போக்குவரத்தைப் பற்றி என்ன கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை அனேகமாக யாரும் கேட்பதில்லை, நானாகவே சேர்த்திருக்கிறேன். நகர வடிவமைப்பாளர் டொனால்ட் ஆப்பிள்யார்டு 1960-களின் இறுதியில் சான்பிரான்சிஸ்கோ நகரில், மற்ற வகைகளில் ஒத்திருந்த மூன்று தெருக்களை ஆராய்ந்தார். ஒன்றில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 வாகனங்கள் சென்றன, இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வாகனம் குறைந்த தெருவில் குடியிருந்த ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வாகனம் மிகுந்த தெருவில் ஒரு நண்பர்கூடச் சரியாகத் தேறவில்லை. 'உங்கள் இடம் என்று எதைச் சொல்வீர்கள்?' என்று கேட்டபோது, முதல் தெருவினர் தெரு முழுவதையும் சுட்டினார்கள். கடைசித் தெருவினர் வீட்டு வாசலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அக்கம்பக்கத்தார் நல்லவர்களா என்று விசாரிக்கிறோம். நல்லவர்களே ஆனாலும், நடுவே இரைந்து ஓடும் சாலை அவர்களை நம்மோடு பேசவிடாது. ஆகவே காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம் அந்தத் தெருவில் நின்று வாகனங்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு பெரிய சாலைகளை இணைக்கும் குறுக்குவழியாக அந்தத் தெரு பயன்படுகிறதா என்பதை வரைபடத்தில் பாருங்கள்; இன்று அமைதியாகத் தோன்றும் குறுக்குவழியும் ஒரு வழிகாட்டிச் செயலி கண்டுபிடித்த மறுநாளிலிருந்து மாறிவிடும்.

எண்ணிக்கையைப் போலவே வேகத்தையும் கவனியுங்கள். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். அகலமான, நேரான, வேகத்தடையற்ற தெரு பார்ப்பதற்கு எடுப்பாக இருக்கும், ஆனால் ஓட்டுநரின் காலை ஆக்சிலேட்டரில் அழுத்தச் சொல்வதும் அதே தெருதான்.

ஒரு பகுதியின் சத்தத்தை எப்படி அறிவது?

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் முதல் வீட்டை வாங்கும் முன் மூன்று முறை போய்ப் பார்த்தோம். மூன்றுமே ஞாயிற்றுக்கிழமைக் காலைகள். பின்பக்கம் நீளமான தகரக் கூரைக் கட்டடம் ஒன்று இருந்தது. ஷட்டர் மூடியிருந்ததால் அது என்னவென்று நான் கேட்கவில்லை. குடியேறிய இரண்டாம் நாள் அதிகாலை நான்கு மணிக்கு அந்த ஷட்டர் உயரும் சத்தம் படுக்கையறைச் சுவரையே பிறாண்டுவது போலக் கேட்டது. அதைத் தொடர்ந்து லாரி பின்னோக்கி வரும் 'பீப், பீப்' ஒலி. அரை மணிக்கு ஒரு லாரி வீதம் விடியும் வரை. அது ஒரு சரக்குக் கிடங்கு. அன்று கைக்குழந்தையாக இருந்த என் மகள் ஒவ்வொரு லாரிக்கும் விழித்துக்கொண்டாள். வாரநாளில் ஒரே ஒருமுறை போயிருந்தால் தெரிந்திருக்கும் விஷயம் இது.

உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பகுதிக்காக 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், சாலைப் போக்குவரத்தின் சத்தம் நாள் முழுவதற்குமான சராசரியில் 53 டெசிபெலுக்கும், இரவில் 45 டெசிபெலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்கின்றன. டெசிபெல் கணக்கு நாம் அன்றாடம் கூட்டிக் கழிக்கும் கணக்கு அல்ல. 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு உரக்கக் கேட்கும். கைப்பேசியில் உள்ள ஒலிமானிச் செயலி துல்லியமாக இராது. இருந்தாலும் இரண்டு வீடுகளை ஒப்பிட உதவும். சன்னலைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை அளந்து பாருங்கள். ஓயாது வாகனங்கள் ஓடும் சாலையிலிருந்து தொலைவை இரட்டித்தாலும் சத்தம் ஏறத்தாழ 3 டெசிபெல்தான் குறையும். 'சாலையிலிருந்து இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறது' என்ற சமாதானத்தில் அதிகப் பொருள் இல்லை. நடுவில் உயரமான கட்டடம் ஏதேனும் மறைக்கிறதா என்பதே கேள்வி.

காற்றின் தரத்தைப் பார்க்க வேண்டுமா?

ஆம், ஆஸ்துமா உள்ளவரோ சிறு குழந்தையோ இருக்கும் குடும்பம் கட்டாயம் பார்க்க வேண்டும். நுரையீரலின் ஆழம் வரை செல்லும் பிஎம் 2.5 நுண்துகள்களுக்கான ஆண்டுச் சராசரி வரம்பை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. நகர முழுமைக்கும் பொதுவான எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. ஒரே நகருக்குள் தெருவுக்குத் தெரு காற்று வேறுபடும். நெடுஞ்சாலைப் புகையின் தாக்கம் மிகுதியாக இருப்பது சுமார் 300 முதல் 500 மீட்டர் வரை. குப்பைக் கிடங்கு, செங்கல் சூளை, வண்ணப்பூச்சுப் பட்டறை ஆகியவை காற்று வீசும் திசையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வெயில் காய்ந்த ஒரு நாளில் அந்த வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது என் வழக்கம். அது அறிவியல் சோதனை அல்ல. ஆனால் துணி கறுத்தால் மேலும் விசாரிக்க வேண்டும் என்று பொருள்.

இங்கே வெள்ளமே வந்ததில்லை என்று விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?

அவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம். அவர் இருந்த பத்தாண்டுகளில் வராமல் இருந்திருக்கலாம். 'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல்லைப் பலர் நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது என்று புரிந்துகொள்கிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்புள்ள வெள்ளம் என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டுக் கடன் காலத்தில் ஒருமுறையாவது அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு; அதாவது நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். தரையெல்லாம் கான்கிரீட்டாக மாறிவரும் இடத்தில் பழைய கணக்குகளும் செல்லாது, ஏனெனில் மண் உறிஞ்சிய நீர் இப்போது தெருவில் ஓடுகிறது.

வாய்ச்சொல்லைவிடச் சுவர் நம்பகமானது. ஒருமுறை நண்பர் ஒருவருக்காகப் பார்க்கப் போன வீட்டுக்குப் புதிதாகச் சாயம் பூசியிருந்தார்கள். அங்கே ஒரு தடயமும் இல்லை. ஆனால் பக்கத்துக் காலி மனையின் பழைய மதிலில், என் முழங்காலுக்குச் சற்று மேலே, கோடு கிழித்தது போலப் பழுப்பு நிறக் கறை ஓடியது. எதிர்வீட்டு இரும்புக் கதவில் அதே உயரம் வரைதான் துரு. அதற்கு மேல் இரும்பு சுத்தமாக இருந்தது. இரண்டு வீடு தள்ளி, மின்சாரப் பெட்டியைக் கழுத்தளவு உயரத்துக்கு ஏற்றி மாட்டியிருந்தார்கள். ஒரு வார்த்தை கேட்காமலே தெரு தன் கதையைச் சொல்லிவிட்டது. நண்பர் அந்த வீட்டை வாங்கவில்லை.

வெள்ள அபாய வரைபடத்தை அரசு வெளியிட்டிருந்தால் அதைப் பாருங்கள். பழைய செயற்கைக்கோள் படங்களில் அந்த இடம் நீர்நிலையாகவோ வயலாகவோ இருந்ததா என்று பாருங்கள். கனமழை பெய்யும் நாளிலேயே ஒருமுறை போய் வாருங்கள்.

பாதுகாப்பான பகுதி என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது?

குற்றப் புள்ளிவிவரங்கள் கிடைத்தால் பார்க்கலாம், ஆனால் நிதானமாக. கடைகளும் ரயில் நிலையமும் உள்ள பகுதியில் பகலில் வந்து போகிறவர்கள் அதிகம். குற்ற எண்ணிக்கையைக் குடியிருப்போர் எண்ணிக்கையால் மட்டும் வகுத்தால் அந்தப் பகுதி உண்மையைவிட மோசமாகத் தோன்றும். எந்த வகைக் குற்றம், எந்த நேரத்தில் என்பதே பயன்தரும் கேள்வி.

எண்களைவிட நான் அதிகம் நம்புவது தெருவைப் பார்க்கும் கண்களை. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் இதை எடுத்துரைத்தார்: தெருவைப் பாதுகாப்பது முதலில் காவல்துறை அல்ல, சன்னலிலிருந்தும் வாசலிலிருந்தும் கடையிலிருந்தும் இயல்பாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள். உயரமான மதில்களும் மூடிய கதவுகளும் வரிசையாக உள்ள தெருவில் ஆபத்து நேர்ந்தால் கூப்பிடும் குரல் யாருக்கும் எட்டாது. இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் பெண்கள் தனியாக நடக்கிறார்களா, விளக்குகள் எரிகின்றனவா, முதியவர்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். குடும்பத்துப் பெண்களை ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை நடக்கச் சொல்லி, அவர்கள் எங்கே வேகமாக நடந்தார்கள் என்று பிறகு கேளுங்கள். அந்த இடம் ஆண்களின் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

நடக்கும் தூரத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

அமெரிக்க நகரத் திட்டமிடுநர் கிளாரன்ஸ் பெர்ரி 1929-இல் வகுத்த குடியிருப்பு அலகுத் திட்டத்தில் பள்ளியும் பொது இடங்களும் நடுவில் இருக்கும், பெரிய சாலைகள் எல்லையில் இருக்கும், எந்த வீட்டிலிருந்தும் மையம் ஏறத்தாழ 400 மீட்டருக்குள் இருக்கும். இளைஞருக்கு அது ஐந்து நிமிட நடை. எழுபது வயதுக் கால்களுக்கு அதுவே பத்து நிமிடம். நடுவில் கடக்க முடியாத சாலை ஒன்று இருந்தால் முடிவற்ற தூரம்.

மளிகைக் கடை, மருந்தகம், மருத்துவர், பூங்கா, பேருந்து நிறுத்தம் ஆகிய ஐந்துக்கும் வீட்டின் முதியவரோடு, அவர் வேகத்தில், நடந்து பாருங்கள். நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, எங்கே நிழல் இல்லை, களைத்தால் உட்கார இடம் உண்டா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிள்ளை பத்து வயதில் தானாகப் போய்வரக்கூடிய இடம் ஒன்றேனும் இருப்பது நல்லது. எங்கு போகவும் பெரியவர் ஒருவர் வண்டி எடுக்க வேண்டும் என்றால், பெற்றோர் பல ஆண்டுகளுக்கு ஓட்டுநர்களாகவே இருப்பார்கள்.

எத்தனை முறை போய்ப் பார்ப்பது? யாரிடம் கேட்பது?

குறைந்தது நான்கு முறை: வேலை நாளின் காலை நெரிசலில், பள்ளி விடும் நேரத்தில், வார இறுதி இரவில், மழையில். முடிந்தால் விடியற்காலையிலும். விற்பவரும் தரகரும் உடன் இல்லாமல் போங்கள்.

அக்கம்பக்கத்தாரிடம் 'இந்தப் பகுதி எப்படி?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள். தாம் வாழும் இடத்தை அந்நியரிடம் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். குறிப்பாகக் கேளுங்கள். கடைசியாகத் தண்ணீர் வராமல் போனது எப்போது? எத்தனை நாள்? மின்தடை வந்தால் எவ்வளவு நேரம் நீடிக்கும்? குப்பை வண்டி எந்த நாட்களில் வருகிறது? கடந்த ஓராண்டில் இந்தத் தெருவிலிருந்து யார் காலி செய்தார்கள், ஏன்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும்.

பகுதி பின்னாளில் எப்படி மாறும் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். நகரத் திட்ட அலுவலகத்தில் நிலப் பயன்பாட்டு வரைபடமும் வரவிருக்கும் சாலைத் திட்டங்களும் இருக்கும். வீட்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு காலி மனையிலும் சட்டப்படி எழுப்பக்கூடிய மிக உயரமான கட்டடம் நாளையே எழுந்துவிட்டதாக நினைத்துப் பாருங்கள். அப்போதும் அந்த வீடு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? 'விரைவில் ரயில் வரப்போகிறது' என்ற பேச்சை நம்பி விலை கொடுக்காதீர்கள். பணி தொடங்கிய பாதைக்கும் அறிவிப்பில் மட்டும் உள்ள பாதைக்கும் இடையே பல ஆண்டுகள் கிடக்கலாம்.

நல்ல பகுதியில் சிறிய வீடா, சுமாரான பகுதியில் பெரிய வீடா?

குடும்பம் நெருக்கியடித்து வாழ வேண்டிய அளவுக்குச் சிறியதாக இல்லாவிட்டால், நல்ல பகுதியில் சிறிய வீடு. முடிவெடுக்கத் தயக்கமாக இருந்தால் அதே பகுதியில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். இருமுறை சாமான்களை ஏற்றி இறக்குவது அலுப்புதான். தவறான இடத்தில் இருபது ஆண்டு மாட்டிக்கொள்வதோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

வாங்கிய பிறகு ஒரு குறை தெரிந்தால் என்ன செய்வது?

சில குறைகளைத் தனியாளாகத் தீர்க்க முடியாது. தெருவாகச் சேர்ந்தால் முடியும். வேகத்தடை, தெருவிளக்கு, வடிகால் தூர்வாருதல் போன்றவற்றுக்கு ஒருவர் எழுதும் மனுவைவிட நாற்பது வீட்டார் கையெழுத்திட்ட மனுவுக்கு விரைவில் பதில் வரும். அந்தக் கிடங்கின் லாரிகள் எங்களை மட்டும் எழுப்பவில்லை என்பது, நாலு வீட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குடியிருப்போர் சங்கம் மூலமாகப் போய்ப் பேசினோம். மேலாளர் எங்களை உட்காரவைத்துக் கேட்டார். எட்டு மாத இழுபறிக்குப் பிறகு முதல் லாரியை ஆறு மணிக்கு மேல் வரவழைக்க ஒப்புக்கொண்டார். அதுவரை நாங்கள் படுக்கையறையைத் தெருப்பக்க அறைக்கு மாற்றிக்கொண்டோம். குழந்தையின் தொட்டில் கூடத்தில் ஆடியது.